பிள்ளையின் நோட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று பள்ளியில் கேட்பது எப்படி

சென்ற ஆண்டு ஜூன் கடைசி. இரண்டாம் பருவம் முடிந்த அன்று மகன் பையைச் சோபாவில் வீசிவிட்டு விளையாட ஓடிவிட்டான். பழைய ரொட்டித் துண்டு ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று பையைக் கவிழ்த்தபோது கணக்கு நோட்டு கையில் வந்தது. ஜனவரியில் பள்ளி ஆண்டு தொடங்கியபோது நானே பழுப்புத் தாள் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி, பெயர் எழுதிக் கொடுத்த 72 பக்க நோட்டு. பதினெட்டாம் பக்கத்தோடு எழுத்து நின்றிருந்தது. கடைசியாகப் போட்ட தேதி மார்ச் 11. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாள்.

அலமாரியில் மகள் கிரேடு 4-இல் எழுதிய நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே பள்ளி, அதே வகுப்பு, மூன்றே ஆண்டு வித்தியாசம். அவள் ஜூன் மாதத்தில் இரண்டாவது நோட்டின் பாதியில் இருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை, அடித்தல், திருத்தம், ‘மறுபடி செய்’ என்ற ஆசிரியையின் கையெழுத்து.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “எல்லாம் டேப்லெட்டில்தான் அம்மா. சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம் வரும்” என்றான். செய்து காட்டச் சொன்னேன். நான்கு நிமிடத்தில் பதினான்கு கணக்கு. ஒரு விடையைத் தொடுவான். சிவப்பு வந்தால் அடுத்ததைத் தொடுவான். நட்சத்திரம் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு தாளில் 24 × 6 என்று எழுதிப் பென்சிலைக் கையில் கொடுத்தேன். 24-ஐ எழுதினான். 6-ஐ எந்த இலக்கத்துக்குக் கீழே வைப்பது என்று தெரியாமல் நடுவில் வைத்தான். தாளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, “விடைகள் எங்கே அம்மா?” என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கும்பகோணத்திலிருந்து திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். சனிக்கிழமை காலையில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர் இப்போது அதிகம் பேசுவது இந்த வகுப்பறைத் திரையைப் பற்றித்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க்கும் கேப் டவுனும் வந்திருக்கும் குடும்பங்களும் தொலைபேசியில் கேட்கின்றன: “இங்கே பள்ளியில் இதையெல்லாம் கேட்கலாமா? கேட்டால் பிள்ளையை ஒதுக்கிவிட மாட்டார்களே?” கேட்கலாம். கேட்க வேண்டும். கேட்கும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. ஐந்து மாதம் அலைந்து நான் கற்றுக்கொண்டதை, நான் செய்த தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பையைப் பாருங்கள்

பள்ளிக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம், அதாவது பத்துப் பள்ளி நாள், குறிப்பு எடுங்கள். சாதாரண நோட்டில் தேதி போட்டு மூன்றே விஷயம் எழுதினால் போதும்: இன்று எந்தெந்தப் பாடத்தில் கையால் எழுதியிருக்கிறான், எத்தனை பக்கம், வீட்டுப்பாடம் எதில் வந்தது. நோட்டின் பக்கங்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையிடம் கேட்பதுதான் கடினம். “இன்று எத்தனை மணி நேரம் டேப்லெட் பார்த்தாய்?” என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. விசாரணை என்று புரிந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். நான் இப்படிக் கேட்கப் பழகினேன்: “இடைவேளை மணி அடித்தபோது உன் மேசை மேல் என்ன இருந்தது?” “ஆசிரியை எங்கே நின்றுகொண்டிருந்தார்?” “யார் முதலில் முடித்தார்கள்? முடித்தவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள்?”

இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். எனக்கு உண்மை தெரிந்தது அதில்தான். பத்து நாளில் ஒன்பது நாள், முதலில் முடித்தவர்களுக்கு டேப்லெட்டில் கார் ஓட்டும் விளையாட்டு. அப்படியானால் கணக்கை ஏன் யோசித்துச் செய்ய வேண்டும்? வேகமாகத் தொட்டு முடித்தவனுக்கு விளையாட்டு. யோசித்து மெதுவாகச் செய்கிறவனுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. எது பரிசைத் தருகிறதோ அதைத்தான் செய்வார்கள்.

நேரத்தை எண்ணும்போது பாடத்திட்டம் ஒதுக்கியிருக்கும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். தென்னாப்பிரிக்க அரசுப் பாடத்திட்டமான கேப்ஸ், கிரேடு 4 முதல் 6 வரை வாரத்துக்கு மொத்தம் 27.5 மணி நேரம் ஒதுக்குகிறது. அதில் கணக்குக்கு 6 மணி நேரம், முதல் மொழிக்கு 6 மணி நேரம். “நிறைய நேரம் டேப்லெட்டிலேயே போகிறது” என்று சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். “கணக்குக்கான ஆறு மணி நேரத்தில் நோட்டில் எழுதியது வாரத்துக்கு ஒன்றரைப் பக்கம்” என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாத் திரையும் ஒன்றல்ல

கோபத்தில் ‘திரையே வேண்டாம்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். வகுப்பறையில் உள்ள திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அறிவியல் ஆசிரியர் சுவரில் உள்ள ஸ்மார்ட் போர்டில், பச்சோந்தி நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிப்பதை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார். நாற்பது பிள்ளைகளும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், ஆசிரியர் நிறுத்தி விளக்குகிறார். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கும்பகோணத்தில் நான் படித்தபோது இப்படிக் காட்ட ஒருவரும் இல்லையே என்றுதான் தோன்றுகிறது. கணினி அறையில் வாரம் ஒரு பாடவேளை உட்கார்ந்து தட்டச்சும் நிரல் எழுதுவதும் கற்பதும் நல்லதுதான்.

பார்வை குறைந்த பிள்ளைகளும், எழுத்துகள் குழம்பித் தெரியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கவும் பாடத்தைக் காதால் கேட்கவும் டேப்லெட் அவர்களுக்குக் கைத்தடி போல. அவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கும் கோரிக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

நான் கவலைப்படுவது, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனித் திரையில் குனிந்துகொண்டு, ஆசிரியையும் பக்கத்துப் பிள்ளையையும் பார்க்காமல் பாடவேளையைக் கழிப்பதைப் பற்றி. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எதற்குப் பதிலாக வந்தது? கையால் எழுதுவதற்குப் பதிலாகவா, சத்தமாக வாசிப்பதற்குப் பதிலாகவா, வெயிலில் ஓடுவதற்குப் பதிலாகவா? ‘எவ்வளவு நேரம்’ என்று கேட்டால் பள்ளி ஒரு எண்ணைச் சொல்லும், நாம் ஒரு எண்ணைச் சொல்வோம், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘எதற்குப் பதிலாக’ என்று கேட்டால் ஆசிரியையும் நம்மோடு சேர்ந்து யோசிப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

சனிக்கிழமை வகுப்பில் நான் காண்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ழ’ எழுதும்போது கீழே வளைத்துச் சுழிக்க வேண்டிய இடத்தில் இப்போது பல பிள்ளைகளின் பென்சில் திணறுகிறது. நான்கு வரி எழுதியதும் “கை வலிக்கிறது டீச்சர்” என்கிறார்கள். பத்து ஆண்டுக்கு முன் இதே கூடத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்கள். இது ஆராய்ச்சி அல்ல. கரும்பலகை முன் நிற்பவள் கண்ணால் கண்டது.

கையில் வைத்திருக்க வேண்டிய சில உண்மைகள்

பள்ளியில் பேசும்போது வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல்களை எடுத்துப் போகாதீர்கள். டேப்லெட் மூளையை உருக்கும் என்றெல்லாம் சொன்னால் உங்கள் மற்ற கேள்விகளும் மதிப்பிழந்துவிடும். உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு.

ஒரே பாடத்தைத் தாளிலும் திரையிலும் படிக்கவைத்து ஒப்பிட்ட 54 ஆய்வுகளை 2018-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பங்குபெற்றவர்கள் 1,70,000-க்கும் மேல். தகவல் சொல்லும் பாடங்களைத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது அந்த வித்தியாசம் இன்னும் கூடியது. இது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை மட்டும் பார்த்த ஆய்வு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்; நேர்மையாகப் பேசுகிறவரை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. 2022-ஆம் ஆண்டின் பீசா என்னும் பன்னாட்டு மாணவர் தேர்வில், ஓஇசிடி என்னும் பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களில் 65 சதவீதம் பேர், கணக்கு வகுப்புகள் சிலவற்றிலாவது தாங்கள் பயன்படுத்தும் கருவியே தங்கள் கவனத்தைச் சிதறடிப்பதாகச் சொன்னார்கள். ஸ்வீடன் பள்ளிகளை வெகு வேகமாகத் திரைக்கு மாற்றிய நாடு. அங்கே 2023-இல் அரசு அச்சுப் பாடநூல் வாங்க 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். 2021-இல் நடந்த பேர்ல்ஸ் என்னும் பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், தென்னாப்பிரிக்காவின் கிரேடு 4 பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படிப்பதைப் பொருள் புரிந்து படிக்க முடியவில்லை. முந்தைய 2016 தேர்வில் அது 78 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததும் இதில் சேரும். திரை மீது முழுப் பழியும் போட முடியாது. ஆனால் ஐந்தில் நான்கு பிள்ளைகளுக்கு வாசிப்பே கைகூடாத நாட்டில், வாசிப்பு நேரத்திலிருந்து எதை எடுத்தாலும் எதற்குப் பதிலாக என்று கேட்காமல் விடக்கூடாது.

கண்ணைப் பற்றி ஒரே வார்த்தை. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், கூடுதலாக வெளியே விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். ஆகவே இடைவேளையில் டேப்லெட் கொடுக்கக்கூடாது என்பதைத் தனிக் கோரிக்கையாகவே வையுங்கள். டர்பனில் வெயிலுக்கா பஞ்சம்!

யாரிடம், எந்த வரிசையில்

என் தவறு இங்கேதான். நோட்டைப் பார்த்த இரவு பத்தரை மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிவிட்டேன். பத்து நிமிடத்தில் முப்பது பதில். பாதிப் பேர் ஆசிரியையைத் திட்டினார்கள், மீதிப் பேர் என்னை. மறுநாள் ஆசிரியை குழுவிலிருந்து விலகிவிட்டார். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பேச்சே தொடங்கியது. குழுவில் எழுதாதீர்கள். பள்ளி வாசலில் காரை நிறுத்திவைத்துக்கொண்டு நின்றபடியும் பேசாதீர்கள். வகுப்பு ஆசிரியைக்குக் கடிதம் எழுதி நேரம் கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நான் எழுதியதன் சாரம் இது. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். ஆகஸ்ட் மாதத்தில் பத்துப் பள்ளி நாள் என் மகனின் நோட்டுகளைக் கவனித்தேன். கணக்கில் எழுதியது மூன்று பக்கம். படங்களை இணைத்திருக்கிறேன். குறை சொல்வதற்காக அல்ல, புரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன். கணக்கு நேரத்தில் டேப்லெட்டுக்கும் நோட்டுக்கும் எப்படிப் பிரித்திருக்கிறீர்கள்? டேப்லெட் வருவதற்கு முன் அந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சீக்கிரம் முடிப்பவர்களுக்கு விளையாட்டுக்குப் பதிலாகக் கதைப் புத்தகம் கொடுக்க முடியுமா? பிள்ளைகள் எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள், அவற்றில் அவர்களுடைய என்ன தகவல் பதிவாகிறது? இருபது நிமிடம் நேரில் பேச வாய்ப்புக் கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.”

நேரில் போகும்போது பழைய நோட்டையும் புதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஆசிரியை மகளின் நோட்டை வெகு நேரம் புரட்டினார். பிறகு சொன்னார்: “என் வகுப்பில் 41 பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளுக்கு 41 நோட்டு திருத்தினால் வீட்டில் என் பிள்ளைக்குச் சோறு போட நேரம் இருக்காது. டேப்லெட் தானே திருத்திவிடுகிறது.”

அதுவரை எனக்குத் தோன்றவே தோன்றாத விடை. டேப்லெட் நோட்டுக்குப் பதிலாக வரவில்லை, திருத்தும் நேரத்துக்குப் பதிலாக வந்திருக்கிறது. அவர் மீது இருந்த கோபம் அந்த நொடியில் போய்விட்டது. அதன் பிறகு இருவரும் சேர்ந்து யோசித்தோம். வாரத்தில் மூன்று நாள் நோட்டு, இரண்டு நாள் டேப்லெட். நோட்டு நாளில் பத்துக் கணக்கு எழுதினாலும் ஆசிரியை ஐந்தை மட்டும் திருத்துவார். மீதியைப் பிள்ளைகள் மாற்றிக்கொண்டு திருத்துவார்கள். சீக்கிரம் முடிப்பவர்களுக்காக வகுப்பின் மூலையில் ஒரு புத்தக அலமாரி. புத்தகம் சேர்ப்பது பெற்றோர் பொறுப்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அறுபத்திரண்டு புத்தகம் சேர்ந்தது. கோயிலில் அறிவித்ததும் பேரன் பேத்தி வளர்ந்துவிட்ட பாட்டிமார் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்கள்.

ஆசிரியையோடு பேசியும் தீரவில்லை என்றால் அந்தப் பாடத்தின் துறைத் தலைவர், அடுத்துத் தலைமையாசிரியர். படியைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் அன்றே, ‘இன்று நாம் பேசி ஒத்துக்கொண்டவை’ என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாய்ப் பேச்சு பருவம் மாறினால் மறந்துபோகும்.

கருவி வாங்குவது, கட்டணம், பள்ளி முழுமைக்குமான விதி ஆகியவை ஆசிரியை கையில் இல்லை. அவற்றுக்குப் பள்ளி நிர்வாகக் குழு இருக்கிறது. இங்கே எல்லோரும் எஸ்ஜிபி என்பார்கள். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் அரசுப் பள்ளிகளில் பெற்றோருக்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லோரையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். பள்ளியின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்து, வந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையின் ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பே திட்டத்தைப் பெற்றோர் பார்க்கும்படி பள்ளியில் வைக்க வேண்டும். கட்டணச் சலுகை பெற்றவர்களும் வாக்களிக்கலாம். பேரப்பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்று வளர்க்கும் பாட்டியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பெற்றோர்தான். சாட்ஸ்வொர்த்தில் அப்படிப்பட்ட பாட்டிமார் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள்.

அந்த 14 நாளை வீணாக்காதீர்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டத்தை வரிவரியாகப் பார்த்தேன். மென்பொருள் உரிமத்துக்கு ஒதுக்கியதில் பதினைந்தில் ஒரு பங்குகூட நூலகப் புத்தகத்துக்கு இல்லை. கூட்டத்தில் அந்த இரண்டு எண்களை மட்டும் வாசித்துவிட்டு, “இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டேன். முன்கூட்டியே பேசிவைத்திருந்த ஏழு பெற்றோர் எழுந்து அதையே கேட்டார்கள். தனியாக ஒருத்தி கேட்டால் புகார். எட்டுப் பேர் கேட்டால் நிகழ்ச்சி நிரல். அந்த ஆண்டு புத்தகத்துக்கான தொகை மூன்று மடங்கானது. இன்னும் போதாது, ஆனால் ஆனது.

கேட்பதற்குத் தயங்குகிறவர்களுக்கு என் மாமியார் சொல்வதைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடும் அவருக்கு எழுபத்தெட்டு வயது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அப்படிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி யாரும் கட்டி வைத்திருக்கவில்லை. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றைச் சமூகமே காசு திரட்டிக் கட்டியது. அரசின் உதவிப் பணம் அதோடு சேர்ந்துகொண்டது. ஆயாவின் அப்பாவும் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தவர். “எங்கள் அப்பா செங்கல் வாங்கிக் கொடுத்த பள்ளியில் நீ கேள்வி கேட்கப் பயப்படுகிறாயா அம்மா?” என்றார். அதன் பிறகு நான் பயப்படவில்லை.

கையெழுத்துப் போடும் முன்

ஜனவரியில் கட்டுக்கட்டாகப் படிவம் வரும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். போப்பியா என்று இங்கே அழைக்கப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் தகவலைக் கையாள, சட்டமே சொல்லும் சில விலக்குகள் தவிர, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் முன்சம்மதம் வேண்டும். ஆகவே செயலிகளின் பெயரைப் படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘கல்விக்கான மென்பொருள்கள்’ என்ற பொதுவான சொல்லுக்குச் சம்மதம் தராதீர்கள். பிள்ளையின் படம், குரல், மதிப்பெண் எங்கே சேமிக்கப்படுகிறது, பள்ளியை விட்டுப் போனால் அழிக்கப்படுமா என்று கேளுங்கள். சில வரிகளுக்குச் சம்மதம், சில வரிகளுக்கு மறுப்பு என்று அடித்துக் குறித்துக் கையெழுத்திடலாம். நான் பாடச் செயலிக்குச் சம்மதித்து, விளம்பரத்துக்குப் படம் எடுப்பதை மறுத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

டேப்லெட் வீட்டுக்கு வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2015-இல் கௌடெங் மாகாணம் காகிதமில்லா வகுப்பறை என்று சில பள்ளிகளில் தொடங்கியபோது திருடர்கள் டேப்லெட்டைத் தேடி வந்தார்கள். கொடுத்த கருவிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மினிபஸ் டாக்சியில் போய்வரும் பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் சில ஆயிரம் ராண்ட் பெறுமான பொருளை ஏற்றி அனுப்பக்கூடாது. இரவில் அது பள்ளியிலேயே பூட்டியிருக்கட்டும். தொலைந்தால் யார் பணம் கட்டுவது என்ற வரி படிவத்தில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். மின்வெட்டு நாளில், இணையம் போன நாளில் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். 2023-இல் நாள் முழுக்க மின்சாரம் வந்து வந்து போன காலத்தை நாம் மறக்கவில்லை. அந்த நாளுக்காகப் பள்ளி வைத்திருக்கும் தாள் பயிற்சிகள் எங்கே, அவற்றை மற்ற நாளிலும் கொடுக்கக்கூடாதா என்பது நல்ல கேள்வி. அரசு இலவசமாக அச்சிட்டுத் தரும் பயிற்சி நூல்கள் பல பள்ளிகளில் அலமாரியில் புதிதாகவே கிடக்கின்றன.

வீட்டில்

வீட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். பள்ளியில் நோட்டைக் கேட்டுவிட்டு வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது செல்பேசியை வைத்துக்கொண்டிருந்தால் பிள்ளை நம்மை நம்பாது. நாங்கள் ஆறரை மணிக்கு எல்லாச் செல்பேசியையும் அடுப்பங்கரை அலமாரியில் வைக்கிறோம்; கணவருக்கு முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் ஆயா பேரனோடு உட்காருவார். நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஐந்து கணக்கு. கணக்குக்குக் கீழே, தொட்டுத் தேர்ந்தெடுக்க விடைகள் எதுவும் எழுதப்பட்டிருக்காது. முதல் மாதம் அழுதான், பென்சிலை எறிந்தான். ஆயா எழுந்து போகவில்லை. “இரண்டு நான்கு இருபத்துநான்கு இல்லை, எட்டு. எட்டு என்று எழுது கண்ணா” என்று அவன் தலையைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்த ஜனவரியிலும் பழுப்புத் தாள் வாங்கி உறை போட்டேன். மகன் இப்போது கிரேடு 5, ஆசிரியை வேறு. மூன்று நாள் நோட்டு என்ற ஏற்பாட்டை மின்னஞ்சலாக வைத்திருந்ததால், முதல் வாரமே அதை அவரிடம் காட்டிப் பேச முடிந்தது. மார்ச் மாதம் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தான். மூன்றாவது கணக்கின் மேல் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் சாய்ந்த எழுத்தில், “கடன் வாங்கியதைக் கழிக்க மறந்துவிட்டாய், மறுபடி செய்” என்று எழுதியிருந்தது. கீழே அவன் மறுபடி செய்திருந்தான்.